பழைய குரோம்புக்கில் லினக்ஸ்: ஃபர்ம்வேரையும் மாற்ற வேண்டுமா?

வாசகர் கேள்வி – 2025 ஒக்டோபர் 5

வெள்ளவத்தையில் வசிக்கிறோம். உயர்தரம் படிக்கும் மகளுக்காகச் சென்ற ஆண்டு பழைய ஏசர் சி720 குரோம்புக் (கூகிளின் குரோம் ஓ.எஸ். இயங்குதளத்துடன் வரும் மடிக்கணினி) ஒன்றை வாங்கினேன். 4 ஜிபி நினைவகம், 16 ஜிபி சேமிப்பு. அதற்கான புதுப்பிப்புகள் எப்போதோ நின்றுவிட்டன. இப்போது பல தளங்கள் உலாவி பழையது என்று சொல்லித் திறக்க மறுக்கின்றன. லினக்ஸ் என்ற திறந்த மூல இயங்குதளத்தை நிறுவ எனக்கு விருப்பம்தான். ஆனால் ஃபர்ம்வேரையும் (இயக்கியதும் முதலில் ஓடி வன்பொருளை எழுப்பும், மதர்போர்டுச் சிப்பில் உள்ள நிரல்) மாற்றச் சொல்பவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. இயங்குதளம் கெட்டால் மீண்டும் நிறுவலாம். ஃபர்ம்வேர் கெட்டால் கணினி எழும்பவே எழும்பாது. இது தேவையற்ற ஆபத்து என்பதே என் கருத்து.

ஒக்டோபர் 5, இரவு

உங்கள் அச்சத்தில் நியாயம் இருக்கிறது; ஆனால் அது எல்லாக் கணினிகளுக்கும் ஒரே அளவில் பொருந்தாது. என்னிடமும் இதே சி720 இருக்கிறது, இந்தக் குறிப்பையும் அதில்தான் எழுதுகிறேன் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

2013இல் வெளியான இக்கணினியில் இன்டெலின் ஹாஸ்வெல் தலைமுறையைச் சேர்ந்த செலரோன் 2955யூ செயலி இருக்கிறது. 2 ஜிபி நினைவகம் கொண்ட மாதிரி அமெரிக்காவில் 199 டொலருக்கு விற்கப்பட்டது. இதற்கான தானியங்கிப் புதுப்பிப்புகளை 2019 ஜூனோடு கூகிள் நிறுத்தியது. செயலியோ திரையோ தேய்ந்துபோனதால் அந்தத் திகதி வரவில்லை. ஆதரவு இதுவரைதான் என்று தயாரிப்பாளர் முன்கூட்டியே தீர்மானித்து வைத்த நாள் அது. பின்னர், 2023 செப்டெம்பரில், குரோம்புக்குகளுக்கான புதுப்பிப்புக் காலத்தை 10 ஆண்டுகளாக நீட்டுவதாகக் கூகிள் அறிவித்தது. அந்தக் கணக்கை வைத்துப் பார்த்தாலும் சி720இன் காலம் முடிந்துவிட்டது. ஆகவே இயங்குதளத்தை மாற்றுவது பற்றி நமக்குள் விவாதம் இல்லை.

ஃபர்ம்வேர் பற்றிப் பலர் கவனிக்காத ஓர் உண்மை உண்டு. உங்கள் மகளின் குரோம்புக் கடையிலிருந்து வந்தபோதே கோர்பூட் என்ற திறந்த மூல ஃபர்ம்வேரில்தான் இயங்கிக்கொண்டிருந்தது. 1999இல் அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் தேசிய ஆய்வுகூடத்தில் லினக்ஸ்பயோஸ் என்ற பெயரில் தொடங்கப்பட்டு, 2008இல் கோர்பூட் எனப் பெயர் மாற்றப்பட்ட திட்டம் அது. குரோம்புக்குகளின் மதர்போர்டுகளுக்கான கோர்பூட் நிரலைப் பெரும்பாலும் கூகிளின் பொறியியலாளர்களே எழுதிப் பொதுவில் சேர்த்திருக்கிறார்கள். கோர்பூட் தன் வேலையை முடித்ததும் கட்டுப்பாட்டை ஒப்படைக்கும் அடுத்த நிரலில்தான் வேறுபாடு இருக்கிறது. கூகிள் அந்த இடத்தில் குரோம் ஓ.எஸ்.ஸை மட்டும் சரிபார்த்துத் தொடக்கும் நிரலை வைத்திருக்கிறது. மிஸ்டர்குரோம்பொக்ஸ் என்ற பெயரில் வெளிவரும் மாற்று ஃபர்ம்வேர் அதே இடத்தில் எந்த இயங்குதளத்தையும் தொடக்கும் யூ.இ.எஃப்.ஐ. (இன்றைய கணினிகளின் பொதுவான தொடக்க முறை) நிரலை வைக்கிறது. வன்பொருளை எழுப்பும் அடிப்படை வேலையை முன்போலவே கோர்பூட்தான் செய்கிறது. எனவே, யாரோ ஊகித்து எழுதிய அந்நியமான நிரல் ஒன்றை உங்கள் கணினியில் ஏற்றுவதாக இதை எண்ண வேண்டாம்.

ஆயினும் முதல் நாளே ஃபர்ம்வேரில் கை வைக்கச் சொல்லமாட்டேன். லினக்ஸ் மகளுக்கு ஒத்துவருகிறதா என்பதை முதலில் பாருங்கள். ஃபர்ம்வேரில் எழுதுவதற்குத் திறந்துவிடப்பட்ட சிறு பகுதி ஒன்று இருக்கிறது. யூ.இ.எஃப்.ஐ.க்கு முந்திய பழைய முறைத் தொடக்கத்துக்கான சீபயோஸ் நிரல் அங்கேதான் இருக்கும். அதை மட்டும் புதுப்பித்து லினக்ஸை நிறுவலாம். அதற்கு மூடியைத் திறக்கவே தேவையில்லை.

ஒக்டோபர் 6

மேலே எழுதியதில் ஒரு முன்னெச்சரிக்கையைச் சேர்க்கிறேன். கொழும்புக் கடைகளில் விற்கப்படும் பழைய குரோம்புக்குகளில் கணிசமானவை வெளிநாட்டுப் பாடசாலைகள் கழித்துவிட்டவை. இயக்கியதும் வரும் நுழைவுத் திரையில் ‘இக்கணினி ஒரு நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது’ என்ற பொருளில் அறிவிப்பு தெரிந்தால், அதைப் பதிவுசெய்த நிறுவனம் விடுவிக்காதவரை அது அவர்களுடைய விதிகளுக்குள்ளேயே இருக்கும்; கூகிளின் சரிபார்ப்பைத் தளர்த்தி வேறு இயங்குதளத்துக்கு வழிவிடும் டெவலப்பர் நிலைக்குப் போகவும் அந்த விதிகள் தடை போட முடியும். காசு கொடுப்பதற்கு முன் கடையிலேயே இயக்கிப் பார்க்க வேண்டிய விடயம் இது.

செயலியும் முக்கியம். ஏ.ஆர்.எம். வகைச் செயலி கொண்ட குரோம்புக்குகளுக்கு மிஸ்டர்குரோம்பொக்ஸின் முழு ஃபர்ம்வேர் கிடையாது. லெனோவோ 300இ என்ற ஒரே பெயரில் மீடியாடெக் சிப் கொண்டவையும் இன்டெல் சிப் கொண்டவையும் வந்திருக்கின்றன. மேல்மூடியில் உள்ள பெயரை மட்டும் நம்பி வாங்கக் கூடாது.

ஒக்டோபர் 11

டெவலப்பர் நிலைக்குப் போக எஸ்கேப், ரிஃப்ரெஷ், பவர் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்த வேண்டும். மீட்புத் திரை வந்ததும் கண்ட்ரோலுடன் டி. அந்த மாற்றத்தின்போது உள்ளே சேமித்திருக்கும் அனைத்தும் அழிக்கப்படும் என்பதால் மகளின் பாடக் குறிப்புகளை முதலில் பென்ட்ரைவில் எடுத்துவிடுங்கள். பிறகு பழைய முறைத் தொடக்கத்தை அனுமதிக்கும் கொடியை (ஆம்/இல்லை என்ற அமைப்பு ஒன்றை) இயக்கிவிட்டால், ஒவ்வொரு முறையும் வெள்ளை எச்சரிக்கைத் திரையில் கண்ட்ரோலுடன் எல் அழுத்தி லினக்ஸுக்குள் போகலாம்.

எந்த லினக்ஸ் என்று கேட்டிருக்கிறீர்கள். கடந்த ஓகஸ்ட் 9ஆம் திகதி வெளியான டெபியன் 13 என்ற லினக்ஸ் வகையை எக்ஸ்எஃப்சிஈ என்ற இலகுவான முகப்புடன் நிறுவச் சொல்வேன். 4 ஜிபி நினைவகத்தில் குனோம் என்ற கனமான முகப்பும் ஓடத்தான் செய்யும். ஆனால் உலாவியில் நாலைந்து பக்கங்களும் ஒரு பி.டி.எஃப். வினாத்தாளும் ஒன்றாகத் திறந்திருக்கும்போது எக்ஸ்எஃப்சிஈயில் தெரியும் நிம்மதி அதில் இல்லை. நினைவகத்தின் ஒரு பகுதியைச் சுருக்கி வைத்துப் பயன்படுத்தும் இசட்ரேம் வசதியையும் இயக்கிவிடுங்கள். இக்கணினியில் நினைவகம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால் பின்னர் கூட்ட வழியில்லை. வைஃபை சிப் ஏத்தரோஸ் வகை என்பது பெரிய வசதி. அதற்கான ஏத்9கே இயக்கி லினக்ஸின் கருவான கேர்னலிலேயே இருக்கிறது. அதற்கென மூடிய (மூலநிரல் வெளியிடப்படாத) கோப்பு எதையும் தேடி ஏற்ற வேண்டியதில்லை.

ஒக்டோபர் 12

சேமிப்பகம் பற்றி: 16 ஜிபியில் டெபியனும் லிப்ரேஆபிஸும் அடங்கும், ஆனால் மூச்சுவிட இடம் இருக்காது. இதில் உள்ள எஸ்.எஸ்.டி. கழற்றி மாற்றக்கூடியது. எம்.2 வடிவம், 42 மில்லிமீற்றர் நீளம், சாட்டா இணைப்பு. மூன்றும் பொருந்த வேண்டும். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாஸாவில் கேட்டால் எளிதாகக் கையில் தருவது 80 மில்லிமீற்றர் நீளமான, சாட்டா அல்லாத என்.வி.எம்.இ. இணைப்பு வகையைத்தான், அது உள்ளே வைக்கவும் இடம் போதாது, வைத்தாலும் வேலை செய்யாது. பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள்.

ஒக்டோபர் 19

லினக்ஸ் ஓடத் தொடங்கிவிட்டது என்று நீங்கள் எழுதியதைப் படித்து மனம் நிறைந்தது. ஆனால் அதே பதிவில் நீங்கள் சொன்ன இரண்டு செய்திகள் என் முதல் நாள் ஆலோசனையை மறுபடி எண்ணிப் பார்க்க வைத்தன.

ஒன்று, வீட்டில் ஆறு வயது மகனும் இந்தக் கணினியைத் தொடுகிறான் என்பது. டெவலப்பர் நிலையில் வரும் அந்த வெள்ளைத் திரை, ஸ்பேஸ் விசையை அழுத்தச் சொல்லித் தானாகவே அழைக்கிறது. அழுத்திய பின் அடுத்த கேள்விக்கும் என்டர் கொடுத்தால், குரோம் ஓ.எஸ். சரிபார்ப்பு மீண்டும் இயங்கி, டெவலப்பர் நிலை நீங்கி, லினக்ஸுக்குள் போகும் வழி அடைபடுகிறது. திரும்பவும் டெவலப்பர் நிலைக்குப் போகும்போது கணினி சேமிப்பகத்தைத் துடைக்கவும் முற்படும். ஒரு சிறுவனின் இரண்டு விரல் அசைவுகளில் மகளின் உயிரியல் குறிப்புகள் போய்விடக்கூடிய ஏற்பாட்டை நிரந்தரமாக வைத்துக்கொள்ளச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மற்றொன்று, பற்றரி பழையது என்பது. பழைய முறைத் தொடக்கத்துக்கான கொடி பற்றரியின் மின்சாரத்தை நம்பியிருக்கும் சிறு நினைவகத்தில் இருக்கிறது. பற்றரி அடியோடு இறங்கிவிட்டால் அந்தக் கொடி அழிந்து, கண்ட்ரோலுடன் எல் அழுத்தினால் பீப் ஒலி மட்டுமே வரும். மீண்டும் குரோம் ஓ.எஸ்.ஸுக்குள் போய் அதை இயக்க வேண்டும். நீங்களோ குரோம் ஓ.எஸ்.ஸை அழித்துவிட்டு அந்த இடத்தில் லினக்ஸை நிறுவியிருக்கிறீர்கள். அப்படியானால் மீட்பு பென்ட்ரைவ் செய்து, குரோம் ஓ.எஸ்.ஸை மறுபடி ஏற்றி, அனைத்தையும் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

ஆகவே என் நிலைப்பாட்டை இப்படி மாற்றி எழுதுகிறேன். லினக்ஸ் ஒத்துவருகிறதா என்று சில வாரங்கள் பார்ப்பதற்கு, சிறு பகுதியை மட்டும் புதுப்பிக்கும் அந்தப் பாதி வழி போதும். ஒத்துவருகிறது என்று தெரிந்த பிறகு அதிலேயே நிற்பதுதான், முழு ஃபர்ம்வேரை ஏற்றுவதைவிட, உங்கள் வீட்டுக்கு அதிக ஆபத்து. முழு ஃபர்ம்வேரில் வெள்ளைத் திரையும் இல்லை, கொடியும் இல்லை.

ஒக்டோபர் 21

இடையில் எழுதிய இருவருக்கும் பதில்.

எச்.பி. 250 மடிக்கணினியில் லினக்ஸுடன் ஃபர்ம்வேரையும் மாற்றலாமா என்று கேட்டவருக்கு: விண்டோஸ் 10க்கான ஆதரவு இம்மாதம் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டதால் உங்களைப் போல் பலர் இப்போது இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். உங்கள் கணினியில் லினக்ஸை நிறுவுங்கள். ஃபர்ம்வேரை அப்படியே விட்டுவிடுங்கள். கோர்பூட்டை ஒவ்வொரு மதர்போர்டுக்கும் தனித்தனியே பொருத்தி எழுத வேண்டும். ஒன்றுக்கு எழுதியதை இன்னொன்றில் ஏற்ற முடியாது. அத்துடன் ஹாஸ்வெல் காலத்திலிருந்து இன்டெல் கொண்டுவந்த பூட் கார்ட் என்ற காவலைத் தயாரிப்பாளர் நிரந்தரமாக இயக்கிவிட்டிருந்தால், அவர் கையொப்பமிட்ட ஃபர்ம்வேரைத் தவிர வேறெதையும் அந்தக் கணினி ஏற்காது. மலிவுக் கணினிகளில் குரோம்புக் இதற்கு விலக்காக இருப்பதால்தான் இந்த இழையில் அதைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன்.

‘ஹாஸ்வெல்லில் எங்கே சுதந்திரம்? திங்க்பேட் எக்ஸ்200 வாங்கி லிப்ரேபூட் போடுங்கள்’ என்றவருக்கு: கோர்பூட்டை அடிப்படையாகக் கொண்ட லிப்ரேபூட் ஃபர்ம்வேர் பற்றிய உங்கள் கூற்றில் உண்மை உண்டு. சி720இல் நினைவகத்தை எழுப்ப இன்டெலின் மூடிய நிரல் துண்டு ஒன்று தேவைப்படுகிறது. மேலாண்மை எஞ்சின் எனப்படும் தனிச் செயலிக்கான மூடிய பகுதியும் அதே சிப்பில் தொடர்ந்து இருக்கிறது. முற்றிலும் திறந்த ஃபர்ம்வேர் என்று இதை நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். 2008இன் எக்ஸ்200இலோ அந்த எஞ்சினை அடியோடு நீக்கிவிட முடிகிறது. ஆனால் அதில் முதல் முறை ஃபர்ம்வேரை எழுதக் கணினியைப் பிரித்து, சிப்பில் நேரடியாகக் கவ்வி மாட்டித்தான் ஆக வேண்டும். ஏற்கெனவே கையில் இருக்கும் குரோம்புக்கைப் பயன்படுத்த முயலும் குடும்பத்திடம் இன்னொரு கணினி வாங்கச் சொல்வது பதிலாகாது. 2022 மார்ச்சில் ரூபாய் மிதக்கவிடப்பட்டதன் பின் மடிக்கணினி விலை இந்த ஊரில் எங்கே போய் நின்றது என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம். இருப்பதை இன்னும் சில ஆண்டுகள் ஓட வைப்பது எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளின் படிப்போடு கட்டுண்ட விடயம்.

ஒக்டோபர் 26

சரி, முழு ஃபர்ம்வேரை ஏற்ற நீங்கள் முடிவெடுத்துவிட்டதால் முறையை எழுதுகிறேன்.

ஃபர்ம்வேர் சிப்பின் பாதுகாக்கப்பட்ட பகுதியை எழுதவிடாமல் தடுப்பது மதர்போர்டில் உள்ள ஒரு திருகாணி. அதைக் கழற்றினால் தடை நீங்கும். அடிமூடியின் திருகாணிகளில் ஒன்று உத்தரவாத ஒட்டியின் கீழ் மறைந்திருக்கும். அதைக் கழற்றாமல் மூடியை நெம்பினால் பிளாஸ்ரிக் உடையும். எந்தத் திருகாணி எங்கிருந்து வந்தது என்பதை அட்டை ஒன்றில் படம் வரைந்து அதனதன் இடத்தில் குத்தி வைப்பது என் வழக்கம்.

பிறகு மூடியை மேலாகப் பொருத்தி, மின் இணைப்பைக் கொடுத்து, பற்றரியும் நிறைந்திருக்கிறதா என்று பார்த்து, ஃபர்ம்வேரை ஏற்றும் மிஸ்டர்குரோம்பொக்ஸ் நிரலை இயக்குங்கள். சி720இல் பற்றரியைக் கழற்றத் தேவையில்லை என்பது நமக்கு வாய்ப்பான ஒன்று. 2017க்குப் பிந்திய பல குரோம்புக்குகளில் எழுதுதடையை நீக்க ஒரு வழி பற்றரியின் இணைப்பை எடுத்துவிடுவது. அப்போது கணினி சுவர் மின்சாரத்தை மட்டும் நம்பி நிற்கும். இவ்வாண்டு பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றதை மறந்திருக்கமாட்டீர்கள். அத்தகைய மாதிரி வைத்திருப்பவர்கள் யூ.பி.எஸ். இல்லாமல் இதைத் தொடவே கூடாது.

நிரல் கேட்கும் கேள்விகளில் ஒன்றை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தவிர்க்காதீர்கள்: இப்போதுள்ள ஃபர்ம்வேரின் நகலை பென்ட்ரைவில் சேமிக்கவா என்ற கேள்வி. அந்த 8 எம்பி நகலில் கோர்பூட் மட்டுமன்றி உங்கள் கணினியின் தொடர் எண்ணும் வன்பொருள் அடையாளமும் இருக்கின்றன. வேறொருவரின் சி720இலிருந்து எடுத்த நகல் அதற்குச் சரியான மாற்றாகாது. என்றாவது பழைய நிலைக்குத் திரும்ப வேண்டுமென்றால் நீங்கள் கேட்க வேண்டியது இந்தக் கோப்பைத்தான்.

முழு ஃபர்ம்வேர் ஏறியதும், பழைய முறையில் நிறுவிய டெபியன் அப்படியே தொடங்காது, யூ.இ.எஃப்.ஐ. முறையில் மீண்டும் நிறுவுங்கள். டெபியனின் நிறுவல் நிரல் கேட்கும்போது, லினக்ஸைத் தொடக்கிவைக்கும் கிரப் தொடக்கியை நீக்கத்தகு ஊடகப் பாதையிலும் (பதிவு இல்லாதபோதும் ஃபர்ம்வேர் தேடிப்பார்க்கும் இடம்) வைக்கச் சம்மதம் கொடுத்துவிட்டால், தொடக்கப் பதிவு தொலைந்தாலும் கணினி தன் வழியைக் கண்டுகொள்ளும்.

நவம்பர் 1

‘எழுதும்போது இடையில் நின்றுவிட்டால்?’ என்று உங்கள் துணைவியார் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். மிக நல்ல கேள்வி. முதல் பதிவில் நீங்கள் சொன்ன ஆபத்தும் இதுதான்.

அந்த 8 எம்பி சிப்பை வெளியிலிருந்து எழுத முடியும். சி.எச்.341ஏ என்ற மலிவான யூ.எஸ்.பி. எழுதுகருவியும், எட்டுக் கால் சிப்பைக் கவ்வும் கிளிப் ஒன்றும் இருந்தால் போதும். இன்னொரு கணினியில் ஃபிளாஷ்ரொம் என்ற நிரலைக் கொண்டு சிப்பைப் படிக்கலாம், நீங்கள் எடுத்து வைத்த நகலைத் திரும்ப எழுதலாம். ஆனால் இக்கருவியின் பரவலான கருப்பு நிற வகையில் ஒரு குறை அறியப்பட்டது: சிப்புக்கு 3.3 வோல்ட் கொடுத்தாலும் தரவுக் கம்பிகளில் 5 வோல்ட் வருகிறது. சி720இன் சிப் 3.3 வோல்ட் வகை; வேறு பல புதிய கணினிகளில் 1.8 வோல்ட் வகையும் உண்டு. வாங்கினால் மின்னழுத்தத்தைச் சரியாகத் தரும் வகையாகப் பார்த்து வாங்குங்கள், அல்லது ராஸ்பெரி பை வைத்திருக்கும் நண்பர் இருந்தால் அதன் ஊசிகளிலிருந்தே இந்த வேலையைச் செய்யலாம். கிளிப்பை மாட்டும்போது பற்றரியும் மின் இணைப்பும் கழன்றிருக்க வேண்டும். இருமுறை படித்து இரண்டு கோப்புகளும் எழுத்துக்கெழுத்து ஒன்றாக இருப்பதை உறுதிசெய்யாமல் எழுதும் கட்டளையைக் கொடுக்காதீர்கள். கிளிப் சிறிது நழுவியிருந்தாலும் படிப்பு வேறுபடும்.

எழும்பாத கணினியை எழுப்ப வழி இருக்கிறது என்பதற்காகவே இதை இவ்வளவு விரிவாக எழுதினேன். நகலும் இல்லை, கிளிப்புக்கும் வழியில்லை என்றால் உங்கள் முதல் பதிவின் கருத்தையே நானும் சொல்லியிருப்பேன்.

நவம்பர் 2

தமிழ் தட்டச்சுக்கு, ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரலுடன் விசைப்பலகை அமைப்புகள் கொண்ட எம்17என் தொகுப்பை நிறுவினால் இலங்கையில் பழக்கமான ரெங்கநாதன் விசைப்பலகையும் தமிழ் 99உம் கிடைக்கும். மகளின் ஆசிரியர் பாமினி எழுத்துருவில் தரும் கோப்புகள் ஆங்கில எழுத்துகளாகத் தெரிவது லினக்ஸின் குறையன்று. பாமினி தமிழ் வடிவங்களை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் வைத்திருக்கிறது, எழுத்துரு இல்லாத எந்தக் கணினியிலும் அப்படித்தான் தெரியும். அந்த எழுத்துருவை உங்கள் முகப்புக் கோப்புறையின் எழுத்துரு அடைவில் போட்டால் படிக்கலாம். மகள் புதிதாக எழுதுவதை யூனிகோடிலேயே எழுதட்டும்.

விசைப்பலகையில் டிலீட் இல்லை, கேப்ஸ் லொக் இருக்கும் இடத்தில் தேடல் விசை இருக்கிறது. கீடி என்ற சிறு நிரலைக் கொண்டு தேடலுடன் பேக்ஸ்பேஸ் அழுத்தினால் டிலீட் என்று அமைத்துக்கொண்டேன். மேல் வரிசையின் ஒலி, ஒளி விசைகளையும் அதிலேயே பழைய வேலைக்குத் திருப்பலாம்.

நவம்பர் 9

வேலை முடிந்தது, இயக்கியதும் வெள்ளைத் திரை இல்லாமல் நேரே டெபியன் வருகிறது என்ற உங்கள் செய்தி கிடைத்தது. மிக்க மகிழ்ச்சி. கழற்றிய எழுதுதடைத் திருகாணியைத் திரும்பப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடத் தேவையில்லை, மிஸ்டர்குரோம்பொக்ஸ் புதிய பதிப்பு வெளியிடும்போது மூடியைத் திறக்காமல் லினக்ஸிலிருந்தே ஏற்றிக்கொள்ளலாம். திருகாணியை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.

நகல் கோப்பை அந்த ஒரே பென்ட்ரைவில் விட்டுவைக்க வேண்டாம். உங்கள் மின்னஞ்சலுக்கே ஒரு பிரதியை அனுப்பிவையுங்கள், வீட்டில் இன்னொரு கணினியிலும் ஒன்றை வையுங்கள். கோப்பு மாறவில்லை என்பதைச் சரிபார்க்க உதவும் எஸ்.எச்.ஏ. 256 சரிபார்ப்புத் தொகையையும், ஏற்றிய ஃபர்ம்வேர் பதிப்பின் திகதியையும் ஒரு தாளில் எழுதி, காற்றோட்டத் துளைகளை மறைக்காத இடமாகப் பார்த்து அடிமூடியின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள். பிற்காலத்தில் யார் அந்த மூடியைத் திறந்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.